கல்லில் எழுதிய பெயர்கள்: மும்பை மாநகரக் காட்சிகள்

பெருநகரங்களைக் காணச் செல்வோர் இரு வகையினர். கோபுரத்தின் உயரத்தையும் மண்டபத்தின் அகலத்தையும் கண்டு வியந்து, அடுத்த காட்சியை நாடி விரைபவர் ஒரு வகையினர். அக்கோபுரம் யாருடைய பொருளால் எழுந்தது, யாருடைய கைகள் அக்கல்லைச் செதுக்கின, எக்காரணம் பற்றி அது அவ்விடத்தில் நிற்கின்றது என்று நின்று வினவுபவர் மற்றொரு வகையினர். இவ்விரண்டாம் வகையினருக்கு மும்பை மாநகரைப் போல வாய்த்த நகரங்கள் இந்நாட்டில் மிகச் சிலவே. ஏனெனில், ஒரே மன்னன் திட்டமிட்டு எழுப்பிய தலைநகரம் அன்று அது. வணிகர் கொடுத்த கொடையினாலும், உழைப்பாளர் சிந்திய வியர்வையினாலும், கடலிடமிருந்து சிறுகச் சிறுகப் பெற்ற நிலத்தினாலும் வளர்ந்த நகரம் அது. கொடுத்தவர் பலர் தம் பெயரைக் கல்லில் எழுதி வைத்துள்ளனர். உழைத்தவர் பெயர்களோ பெரும்பாலும் எழுதப்படவில்லை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எம் போன்றோருக்கு எழுத்து எங்குத் தென்பட்டாலும் அதனைப் படிக்கத் தோன்றுவது இயல்பு. ஆகவே அந்நகரின் கற்களிற் காணும் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தவாறே அதனைச் சுற்றி வருவோம். பெயர் இல்லாத இடங்களையும் மறவாது குறித்துக்கொள்வோம்.

முதலில் நகரின் பெயர். மீனவர்களாகிய கோலியர் இத்தீவுகளின் பழங்குடிகள். அவர்கள் வழிபட்ட மும்பா தேவியின் பெயரே நகருக்கு வாய்த்தது. கொலாபா என்னும் பகுதி கோலியரின் பெயரால் அமைந்தது என்பர். இன்று தேவியின் கோயில் நகரின் நெருக்கடி மிக்க கடைவீதிகளிடையே உள்ளது. அக்காலத்தில் இங்கே ஏழு தீவுகள் இருந்தன. அவற்றிடையே அலைநீர் புகுந்து மீளும் சேற்று நிலங்கள் கிடந்தன. குஜராத் சுல்தான் பகதூர் ஷா 1534-ஆம் ஆண்டு ஓர் உடன்படிக்கையின் வாயிலாக இவற்றைப் போர்த்துகீசியருக்கு விட்டுக்கொடுத்தார். 1661-இல் போர்த்துகல் இளவரசி கேதரீனை இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸுக்கு மணமுடிக்க உடன்பட்டபொழுது, இத்தீவு சீதனப் பொருள்களில் ஒன்றாயிற்று. ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகையில் மன்னர் அதனை 1668-இல் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் ஒப்படைத்தார். ஒரு மாநகரத்தின் பிற்கால வாழ்வு இத்துணை எளிய விலைக்குக் கைமாறிய கதை வரலாற்றில் அரிதாகவே காணப்படும்.

ஆயினும் இந்நிலப்பகுதியின் வரலாறு ஆங்கிலேயருடன் தொடங்கியது என எண்ணுதல் பெரும் பிழையாகும். அதனை உணர விரும்புவோர் முதற்கண் கன்ஹேரிக் குன்றுக்குச் செல்லுதல் வேண்டும். புறநகராகிய போரிவிலி நிலையத்தில் இறங்கி, சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் காட்டு வழியே சென்றால் அக்குன்று எதிர்ப்படும். கரிய பாறையைக் குடைந்தமைத்த நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த குகைகள் அங்கே உள்ளன. கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய நூற்றாண்டு தொடங்கி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் அங்குப் பிக்குக்கள் வாழ்ந்தனர். மழைநீர் ஒரு துளியும் வீணாகாதபடி பாறையில் வெட்டிய வாய்க்கால்களும், குகைதோறும் அமைந்த நீர்த்தொட்டிகளும் இன்றும் காண்போரை வியக்கச் செய்வன. பாறைப் படிகளில் ஏறி இறங்கும்பொழுது, இது துறவியர் தங்கிய மலை மட்டுமன்று, திட்டமிட்டமைத்த ஓர் ஊர் என்பது புலனாகும்.

இம்மலைக்குப் பொருள் தந்தவர் யாவர்? கல்வெட்டுக்களே விடை கூறுகின்றன. சோபாரா, கல்யாண், நாசிக் முதலிய ஊர்களின் வணிகரும் இல்லறத்தாரும் குகைகளையும் நீர்த்தொட்டிகளையும் அளித்தனர். பிக்குக்களின் ஆடைக்கென நிலையான பொருளும் வைத்தனர். மூன்றாம் எண் குகையாகிய பெரிய சைத்தியம் கஜசேனன், கஜமித்திரன் என்னும் இரு வணிக சகோதரர்களின் கொடை. யஞ்ஞ ஸ்ரீ சாதகர்ணி என்னும் சாதவாகன மன்னன் காலத்தில் அது எழுந்தது. கருதத்தக்க செய்தி ஒன்று இவ்விடத்தே உளது. அக்கல்வெட்டு கொடையாளரின் பெயரோடு நின்றுவிடவில்லை; பணியை மேற்பார்த்த பிக்குவையும், கல் தச்சரையும், கல்லை மெருகிட்டவரையும் நினைவுகூர்கின்றது. பொருள் கொடுத்தவனும் உளி பிடித்தவனும் ஒரே கல்லில் இடம்பெற்ற அந்தப் பண்பாட்டை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். நகரினுள் செல்லுந்தோறும் இதனை நாம் ஓர் அளவுகோலாகக் கொள்வோம்.

கன்ஹேரியிலேயே மற்றொரு விந்தையும் உண்டு. தொண்ணூறாம் எண் குகையில் பஹ்லவி எழுத்தில் பொறித்த வாசகங்கள் காணப்படுகின்றன. கி.பி. 1009-இலும் 1021-இலும் இம்மலையைக் காண வந்த பார்சி மக்கள் சிலர் தம் பெயர்களை அங்கே எழுதிச் சென்றனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இவ்விடத்தைச் சுற்றிப் பார்க்க வந்தோர் இருந்தனர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேறு வேண்டுமோ? பாரசீகத்திலிருந்து வந்து மேலைக் கடற்கரையில் குடியேறிய அச்சமூகத்தின் பெயர்களை இந்நகரிற் பல இடங்களில் மீண்டும் காண்போம்.

கன்ஹேரியிற் பெயர்கள் நிறைந்துள்ளன. காராபுரியிலோ, யானைத் தீவு என்று ஐரோப்பியர் அழைத்த எலிபெண்டாவிலோ, அவற்றைத் தேடிக் காண இயலாது. இந்திய வாயிலின் அருகிலிருந்து இயந்திரப் படகில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அத்தீவை அடையலாம். ஆறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் குடைந்த சிவன் குகைக்கோயில் அங்கே உள்ளது. தெற்குச் சுவரிலுள்ள மும்முகச் சதாசிவ வடிவம் மார்பளவே காட்டப்பெற்றிருந்தும் ஏறக்குறைய பதினெட்டு அடி உயரமுடையது. நடுமுகம் அமைதியின் இருப்பிடம். ஒரு பக்கத்து முகம் சினத்தைக் காட்ட, மறுபக்கத்து முகம் மென்மையைக் காட்டுகின்றது. கங்காதரர், அர்த்தநாரீசுவரர், திருமணக் கோலம், கயிலையைப் பெயர்க்க முயலும் இராவணன், ஆடவல்லான் எனச் சுவர்தோறும் புராணம் உயிர்பெற்று நிற்கின்றது. மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் கண்டு பழகிய கண்களுக்கும் இங்குள்ள பேருருவங்களின் பெருமிதம் புதியதோர் அனுபவமாகும்.

இத்துணைப் பெரும் பணியைச் செய்வித்தவன் யார்? களச்சூரி மரபினர் காலத்தது எனப் பல ஆய்வாளர் கருதுகின்றனர். எனினும் உறுதி கூறும் கல்வெட்டு ஒன்றும் அங்கில்லை. அங்கிருந்த ஒரு கல்வெட்டைப் போர்த்துகீசியர் பெயர்த்தெடுத்துத் தம் நாட்டுக்கு அனுப்பினர் என்று அவர்களுடைய வரலாற்றாசிரியர் டியோகோ டோ கோட்டோவே எழுதிவைத்தார். அக்கல் பின்னர் எவர் கண்ணிலும் படவில்லை. சிற்பங்கள் பலவற்றின் கைகால்கள் சிதைந்தன. கல்வெட்டுப் போனமையால் படைத்தவரின் நினைவும் உடன் போயிற்று. உறுப்பிழந்த சிலையைக் கண்டு வருந்துகின்ற நாம், பெயரிழந்த கலைஞனுக்காக வருந்துவது குறைவு. பின்னதே பெரிய இழப்பு என்பது எமது கருத்து.

தீவுக்குப் பெயர் தந்த கல் யானையின் கதியும் அறியத்தக்கது. 1864-இல் அதனை இங்கிலாந்துக்குக் கொண்டுபோகத் தூக்கிய பொழுது பாரந்தூக்கி தாங்காமையால் அது விழுந்து நொறுங்கியது. துண்டுகளைப் பின்னாளிற் சேர்த்து ஒட்டினர். பைக்குளாவில் பாவு தாஜி லாட் அருங்காட்சியகத்தின் வெளியே அந்த யானை இன்றும் நிற்கின்றது. 1872-இல் திறந்த அவ்வருங்காட்சியகம் விக்டோரியா, ஆல்பர்ட் ஆகியோர் பெயரால் வழங்கியது. நகரின் வரலாற்றில் ஆர்வம் மிக்க மருத்துவரும் அறிஞருமான பாவு தாஜி லாடின் பெயரை 1975-இல் பெற்றது.

இனிக் கோட்டைப் பகுதிக்கு வருவோம். கம்பெனியார் எழுப்பிய மதில்களை 1860-களில் ஆளுநர் பார்ட்டில் ஃப்ரியர் காலத்தில் இடித்தனர். ஆயினும் கோட்டை என்னும் பெயர் அப்பகுதிக்கு நிலைத்துவிட்டது. அதன் ஓரத்தில் உள்ள கப்பற்கூடம் கடற்படையைச் சார்ந்தது; உட்சென்று காண இயலாது. ஆனால் அதன் கதையை அறியாது அவ்வழியே செல்லலாகாது. சூரத்திலிருந்து 1736-இல் வந்த லௌஜி நசர்வான்ஜி வாடியா என்னும் பார்சித் தச்சரும் அவர் வழித்தோன்றல்களும் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் இங்கே மரக்கலங்களைக் கட்டினர். மலபார்த் தேக்கினால் ஆன அக்கப்பல்கள் இங்கிலாந்தின் ஓக்கு மரக் கப்பல்களினும் நெடுநாள் நிலைத்தன. 1813-இல் இங்குக் கட்டிய 'கார்ன்வாலிஸ்' என்னும் கப்பலின் தளத்திலேதான் 1842-இல் சீனத்துடன் நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1817-இல் நீரில் இறக்கிய மற்றொரு கப்பலுக்குத் திருகோணமலையின் பெயரை இட்டனர். அது இரு நூறாண்டுகளைக் கடந்தும், இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் அருங்காட்சிப் பொருளாக மிதந்துகொண்டிருக்கின்றது. மும்பைத் தச்சர் கைவண்ணத்தை அந்நாட்டார் கட்டணம் செலுத்திக் காண்கின்றனர்.

நான்கிங் உடன்படிக்கையைக் குறித்தமைக்கு ஒரு காரணம் உண்டு. அபினிப் போரின் முடிவில் எழுந்த உடன்படிக்கை அது. மும்பையின் செல்வம் பஞ்சு வணிகத்தினால் மட்டும் வந்ததன்று. சீனத்துக்கு அனுப்பிய அபினியினாலும் வந்தது. சர் ஜம்சேத்ஜி ஜீஜீபாய் அவ்வணிகத்தினால் பெரும் பொருள் ஈட்டியவர். அப்பொருளைக் கொண்டு அவர் மருத்துவமனையும் கலைப்பள்ளியும் தோன்றத் துணைநின்றார். அவர் மனைவியார் ஆவாபாய் அம்மையார் மாஹிம் தீவையும் பாந்திராவையும் இணைக்கும் சாலைக்கு ஒன்றரை இலட்சம் ரூபாய்க்கு மேல் அளித்தார். 1845-இல் அது திறக்கப்பெற்றது. கடந்து செல்லும் எவரிடமும் சுங்கம் வாங்கலாகாது என்பது அவ்வம்மையார் விதித்த நிபந்தனை. அதுவரை படகு கவிழ்ந்து உயிரிழந்தோர் பலர். அதன் பின்னர் ஏழையும் கால் நனையாது நகருக்குள் வந்தான். பொருள் வந்த வழியையும் சென்ற வழியையும் ஒருங்கே அறிந்து, இரண்டையும் மறையாது கூறுவதே வரலாறு படிப்போர் கடமையாகும்.

அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை நடைபெற்ற உள்நாட்டுப் போரினால் லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு வருவது நின்றது. இந்தியப் பஞ்சின் விலை விண்ணை எட்டியது. நகரில் பணம் வெள்ளமெனப் பாய்ந்தது. கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிகளின் பங்குகளை வாங்க மக்கள் முண்டியடித்தனர். 1865-இல் போர் முடிந்ததும் அனைத்தும் சரிந்தன. அச்சூதாட்டத்தின் நடுநாயகராக விளங்கிய பிரேம்சந்த் ராய்சந்தும் வீழ்ந்தார். ஆனால் வீழ்ச்சிக்கு முன்னரே அவர் பல்கலைக்கழகத்துக்குப் பெருங்கொடை அளித்திருந்தார். அக்கொடையினால் எழுந்த 280 அடி உயர மணிக்கூண்டு 1878-இல் முடிவுற்றது. அவருடைய அன்னையின் பெயரால் அது ராஜாபாய் கோபுரம் எனப்பெறுகின்றது. செல்வம் சென்ற பின்னரும் கொடை நின்றது.

அக்கோபுரத்தை வரைந்தளித்த சர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் இந்நகருக்கு ஒருபொழுதும் வந்தவரல்லர். இங்கிலாந்திலிருந்தே வரைபடம் அனுப்பினார். ஆனால் அதன் மேற்பகுதியில் நிற்கும் உருவங்களை உற்று நோக்குவீர்களாக. மேலை இந்தியாவின் பல்வேறு சமூகத்தாரும் தத்தம் தலைப்பாகையுடனும் உடையுடனும் அங்கே நிற்கின்றனர். அவற்றை உருவாக்கியவர் உதவிப் பொறியாளராயிருந்த முகுந்த ராமசந்திரர். வரைபடம் அயல்நாட்டாருடையது, முகங்கள் இந்நாட்டாருடையவை. 1887-இல் விக்டோரியா மகாராணியின் பொன்விழாவையொட்டி அவர் பெயரைப் பெற்ற இரயில் நிலையமும் இத்தகையதே. அது 1996-இல் சத்ரபதி சிவாஜியின் பெயரைப் பெற்றது. வடிவமைத்தவர் ஃபிரெடரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ் என யாவரும் அறிவர். உடன் உழைத்த சீதாராம் கண்டேராவையும், கல்லில் மயிலும் குரங்கும் கொடியும் செதுக்கிய கலைப்பள்ளி மாணவரையும் அறிந்தோர் சிலர். இவ்விடத்தருகே உள்ள போரி பந்தரிலிருந்துதான் 1853 ஏப்ரல் 16-ஆம் நாள் தாணாவுக்கு முதற் பயணிகள் இரயில் புறப்பட்டது.

கோட்டைப் பகுதியில் மற்றொன்றையும் காணத் தவறலாகாது. 1833-இல் முடிவுற்ற நகர மண்டபத்தில் ஆசியக் கழகம் இயங்குகின்றது. பகவான்லால் இந்திராஜி என்னும் அறிஞர் 1882-இல் சோபாரா ஸ்தூபியை அகழ்ந்து கண்ட பேழை அக்கழகத்தின் பாதுகாப்பில் உள்ளது. கல் பேழையினுள்ளே செம்பு, வெள்ளி, பளிங்கு, பொன் எனச் சிமிழுக்குள் சிமிழாக அமைந்தது அது. கன்ஹேரியில் குகை கொடுத்த வணிகரின் ஊர் சோபாரா என்று முன்னர்ப் படித்தோமல்லவா? மலையிற் கண்ட பெயருக்கு நகரில் இவ்வாறு ஒரு பொருள் கிடைக்கின்றது.

இங்கே நின்று நம் அளவுகோலை எடுத்துப் பார்ப்போம். கொடையாளர் பெயர் நகரெங்கும் உள்ளது. ஆனால் நகரின் பெருந்தொழிலை நடத்திய மக்களின் பெயர் எங்கே? 1854-இல் காவஸ்ஜி தாவர் தார்தேவில் முதல் நூல் ஆலையை நிறுவினார். அதன் பின்னர் பரேல், லால்பாக் முதலிய பகுதிகள் ஆலைகளாலும் தொழிலாளர் குடியிருப்புக்களாலும் நிறைந்து 'கிரண்காவ்', அதாவது ஆலைச் சிற்றூர், எனப் பெயர் பெற்றன. கொங்கணத்திலிருந்தும் தக்காணத்து மேட்டுநிலங்களிலிருந்தும் வந்தோர் ஓரறையில் பலராக வாழ்ந்து தறி ஓட்டினர். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பதற்காக நாராயண மேகாஜி லோகண்டே ஆண்டுக்கணக்கிற் போராடினார். 1890-இல் ஞாயிறு விடுமுறை கிடைத்தது. தமிழரின் பங்கும் இந்நகரில் உண்டு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்றோர் தாராவியின் தோல் பதனிடும் தொழிலில் உழைத்தனர். 1982 ஜனவரியில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அது வெற்றி பெறவில்லை. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அவ்விடங்களில் அலுவலக மாளிகைகளும் பேரங்காடிகளும் எழுந்தன. சிற்சில இடங்களில் புகைபோக்கி ஒன்று தனித்து நிற்பதைக் காணலாம். பயண வழிகாட்டி நூல்கள் பலவற்றில் அதற்கு ஒரு வரியும் இடமில்லை. அதனையும் ஒரு நினைவுச் சின்னமாகவே கருதி நின்று பார்க்குமாறு நேயர்களை வேண்டுகின்றோம்.

விடுதலைப் போராட்டத்தின் இடங்கள் ஒன்றுக்கொன்று அண்மையில் உள்ளன. 1885 டிசம்பரில் கோகுல்தாஸ் தேஜ்பால் சமஸ்கிருதக் கல்லூரியில் 72 பிரதிநிதிகள் கூடியபொழுது காங்கிரஸ் மகாசபை பிறந்தது. அதன் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் தமிழகத்தின் ஜி. சுப்பிரமணிய ஐயர். அதனையடுத்த கோவாலியா குளத் திடலில் 1942 ஆகஸ்டு 8-ஆம் நாள் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியது. அத்திடல் இன்று ஆகஸ்டு கிராந்தி மைதானம் எனப்பெறுகின்றது. சற்றே நடந்தால் மணி பவனம். 1917 முதல் 1934 வரை காந்தியடிகள் மும்பைக்கு வருங்கால் தங்கிய இல்லம் அது. அவர் இருந்த அறையும் இராட்டையும் இன்றும் காட்சிக்குள்ளன.

இனி, யாவரும் முதலிற் காண்கின்ற இந்திய வாயிலை நாம் இறுதியிற் காண்போம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் 1911-இல் வந்திறங்கியதன் நினைவாக அதனை எழுப்பினர். ஜார்ஜ் விட்டெட் வரைந்த அவ்வளைவு 1924 டிசம்பர் 4-ஆம் நாள் திறக்கப்பெற்றது. அதற்குள் அடிகளின் ஒத்துழையாமை இயக்கம் நாட்டையே அசைத்துவிட்டது. கால் நூற்றாண்டும் நிரம்பவில்லை. 1948 பிப்ரவரி 28-ஆம் நாள் கடைசி ஆங்கிலப் படையணி அவ்வாயில் வழியே நடந்து கப்பலேறியது. வரவேற்கக் கட்டிய வாயில், வழியனுப்பும் வாயிலாயிற்று.

அங்கிருந்து ஃப்ளோரா நீரூற்றை நாடி நடந்தால், அதன் பக்கத்தே ஹுதாத்மா சௌக் என்னும் தியாகிகள் சதுக்கத்தைக் காணலாம். மொழிவழி மாநிலம் கோரிய ஒன்றுபட்ட மகாராஷ்டிர இயக்கத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் உயிர்நீத்தனர். 1960 மே 1-ஆம் நாள் மகாராஷ்டிர மாநிலம் தோன்றியது. அந்நினைவுச் சின்னத்தில் தீப்பந்தம் ஏந்தி நிற்போர் ஓர் உழவரும் ஒரு தொழிலாளியும் ஆவர். மன்னரும் ஆளுநரும் வள்ளல்களும் நின்ற கோட்டைப் பகுதியில், உழைப்பவன் தன் உருவத்தோடு நிற்கும் இடம் இது. கன்ஹேரியின் கல் தச்சருக்குப் பின்னர் அவனுக்குரிய இடத்தை நகரம் மீண்டும் அளித்தது என்று கொள்ளலாம்.

காணச் செல்வோருக்குச் சில குறிப்புக்கள் கூறுதல் நலம். மழைக்காலம் கழிந்த நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்கள் ஏற்றவை. கன்ஹேரியும் காராபுரியும் திங்கட்கிழமைகளில் திறப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு நாள் ஒதுக்குக. கோட்டைப் பகுதியைக் காலை வேளையில் கால்நடையாகவே காண்க. மாளிகையின் உச்சியையும் நோக்குக, வாயிலில் பதித்த கல்லையும் படிக்க. குகைச் சுவர்களில் இக்காலத்தார் சிலர் தம் பெயரைக் கீறி வைத்துள்ளமை கண்டு மனம் வருந்தும். ஆயிரமாண்டுப் பார்சி யாத்திரிகரின் எழுத்து வரலாறாகிவிட்டது என்று எண்ணி எவரும் அதனைப் பின்பற்றலாகாது. பாதுகாக்கப்பெற்ற சின்னங்களைச் சிதைப்பது 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றமாகும். நம் பெயரைக் கல்லில் விட்டுவர வேண்டியதில்லை. அங்குள்ள பெயர்களையும், அங்கே எழுதப்பெறாது போன பெயர்களின் நினைவையும் நம்முடன் கொண்டுவந்தால் அதுவே சென்று வந்ததன் பயனாகும்.